பாலத்தடிப் பூதம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கையின் பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தான். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு நாள்தோறும் படியேறி இறங்குகிற ஒரு வக்கீலிடம் அவன் ஜூனியராக இருக்கிறான். இட்டிலியில் கை வைத்த சமயம் பார்த்து அவனுடைய டெலிபோன் மணி அடித்தது. இடது கையால் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "என்ன, அந்த ட்ரோல் மறுபடியும் நோட்டீஸ் அனுப்பிவிட்டதா? அனுப்பட்டும். முதலில் அந்த முட்புதருக்குள் நுழைந்து என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பேசி முடித்தான். சட்டினிக் கிண்ணத்தோடு நின்றிருந்த என் மனைவி, "எந்தப் புதருக்குள்ளடா நுழையப் போகிறாய்? பூச்சி பொட்டு இருக்கப் போகிறது!" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது.

சொற்களைக் காசாக்கிப் பிழைக்கிறவன் நான். வீட்டு வாசலில் நாலு புதிய சொற்கள் வந்து நிற்கும்போது அவற்றை அப்படியே திருப்பி அனுப்ப மனம் வருமா? அவனைக் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

'ட்ரோல்' என்பது வட ஐரோப்பியப் பாட்டி கதைகளில் வருகிற ஒரு பூதம். பாலத்துக்கு அடியில் அது ஒளிந்துகொண்டிருக்கும். மேலே ஆட்டுக்குட்டிகள் நடந்து போகும் சப்தம் கேட்டால் வெளியே வந்து வழி மறிக்கும். பாலத்தைக் கட்டியது அதுவல்ல. அதன்மேல் அது நடந்ததுமில்லை. காப்புரிமை உலகத்தில், தான் ஒரு திருகாணிகூடச் செய்யாமல், எங்கோ யாரோ கண்டுபிடித்ததன் உரிமைப் பத்திரத்தை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வழியே பொருள் செய்து போகிறவர்களிடம் சுங்கம் கேட்கிறவனுக்கு இந்தப் பெயர். 'முட்புதர்' என்றால், ஒரே பொருளின்மீது நூறு பேருடைய உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் கீறும். 'நீர்மூழ்கி' என்பது பல வருஷங்கள் வெளியே தெரியாமல் கிடந்துவிட்டு, ஊரெல்லாம் அந்தப் பொருளைச் செய்யத் தொடங்கிய பிறகு திடீரென்று மேலே வருகிற உரிமை. 'என்றும் பசுமை' என்று கேட்பதற்கு அழகாக ஒன்று இருக்கிறது. மருந்தின் காலக்கெடு தீரப்போகிற சமயத்தில் அதிலே சின்னதாக ஒன்றை மாற்றி, புதிய மருந்து என்று சொல்லி, இன்னொரு கெடு வாங்கிக்கொள்வது அது.

இந்தச் சொற்களில் ஒன்றுகூடச் சட்டப் புத்தகத்தில் கிடையாதாம். அங்கே எல்லாரும் 'உரிமையாளர்'தான். இரவு பகலாகக் கண்விழித்து யந்திரம் செய்தவனும் உரிமையாளர். அவனிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டினவனும் உரிமையாளர். சட்டம் எல்லாருக்கும் ஒரே நாற்காலியைப் போட்டுவிடுகிறது. யார் யார் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டிய வேலையைப் பட்டப்பெயர் எடுத்துக்கொள்கிறது. நம் கிராமங்களிலும் அப்படித்தானே? தாசில்தார் கச்சேரிப் பதிவேட்டில் ராமசாமி என்று இருக்கும். ஊருக்கு அவர் 'வட்டிக்கடை' ராமசாமி.

ஆனால் பட்டப்பெயர் வழங்குகிற தீர்ப்பு நியாயமான தீர்ப்புதானா? அன்று முழுவதும் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்.

பேடண்ட் என்ற சொல்லுக்கு மூலத்தில் 'திறந்தது' என்று பொருள். இங்கிலாந்தில் அரசர் அனுப்பும் கடிதங்கள் இரண்டு விதம்: மடித்து முத்திரை வைத்து ஒருவருக்கு மட்டும் அனுப்புவது ஒன்று, முத்திரையைக் கீழே தொங்கவிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று திறந்தபடி கொடுப்பது மற்றொன்று. அந்தத் திறந்த கடிதத்துக்குத்தான் இந்தப் பெயர். 1449-ல் ஆறாம் ஹென்றி மன்னர், யுடினம் ஊர் ஜான் என்ற பிளெமிஷ் கைவினைஞருக்கு வண்ணக் கண்ணாடி செய்ய இருபது வருஷத் தனியுரிமை கொடுத்தார். அந்தக் கலையை அந்நாட்டு மக்களுக்கும் கற்றுக் கொடுப்பது என்பது அதிலே அடங்கிய எண்ணம். 1624-ல் பார்லிமெண்டு சட்டமாக்கியபோது பதினான்கு வருஷம் என்று வைத்தார்கள். ஒரு தொழில் கற்றுக்கொள்கிற சிஷ்யனுக்கு ஏழு வருஷம். இரண்டு தலைமுறைச் சிஷ்யர்கள் தேறி வரும் காலம் அது. ஆகவே பேரம் இதுதான்: நீ உன் ரகசியத்தை ஊரறியச் சொல்லிவிடு, சொன்னதற்குக் கூலியாகச் சில வருஷங்கள் அது உனக்கு மட்டும், பிறகு எல்லாருக்கும்.

இந்தப் பேரத்தின் அருமை எனக்கு ஒரு வைத்தியரை நினைத்தால் நன்றாகப் புரிகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் தீப்புண்ணுக்குக் கறுப்பாக ஓர் எண்ணெய் கொடுப்பார் அவர். அடுப்பில் விழுந்த குழந்தைகளை நாலு ஊர் தாண்டித் தூக்கி வருவார்கள். என்ன மூலிகை என்று கேட்டால், "சொன்னால் பலிக்காது" என்று கையை விரித்துவிடுவார். காசாசை பிடித்த மனிதர் என்று சொல்ல முடியாது. வெற்றிலை பாக்குக்கு மேல் அவர் வாங்கியதில்லை. அவர் குருவும் அப்படித்தான் இருந்திருப்பார். சித்தர்கள் பாட்டுக்களிலேயே மூலிகைப் பெயர்களைப் பரிபாஷையில் மறைத்துத்தானே வைத்தார்கள்? கடைசியில் வைத்தியர் ஒரு மார்கழி மாதம் போய்ச் சேர்ந்தார். எண்ணெயும் கூடவே போய்விட்டது. அவருடைய பிள்ளை பல வருஷம் எதையெதையோ காய்ச்சிப் பார்த்தார். அந்த நிறம் வந்தது. அந்தக் குணம் வரவில்லை. பதினான்கு வருஷம் மட்டும் உங்களுக்கு என்று சொல்லி அவரிடம் யாராவது அதை எழுதி வாங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

மேல்நாட்டிலும் வேடிக்கை இல்லாமலில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் 'பேடண்ட் மருந்து' என்று புட்டி புட்டியாக விற்றார்களே, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பேடண்டே கிடையாது. பேடண்ட் வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் யார் வாங்குவார்கள்? பல் முளைக்கிற குழந்தை அழாமலிருக்க வின்ஸ்லோ அம்மாள் பெயரில் விற்ற பாகில் மார்பைன் இருந்தது. குழந்தை அழாமல் என்ன செய்யும்! 1906-ல் அமெரிக்கச் சட்டம் வந்து, இப்படிப்பட்ட சரக்குகள் இருப்பதைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று ஆக்கிற்று. திறந்த கடிதத்தின் பெயரை மூடின புட்டி தூக்கிப் போட்டுக்கொண்டது என்பதுதான் விஷயம்.

மருமகன் சொன்ன பட்டப்பெயர்களையும் ஒரு தடவை திரும்பப் பாருங்கள். பாலத்தடி, தண்ணீருக்கு அடி, புதர். எல்லாம் ஒளிந்துகொள்ளும் இடங்கள். பேச்சு வழக்கை உண்டாக்கியவர்களுக்கு யாரும் லத்தீன் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும், வெளிப்படை என்று பேசிக்கொண்ட இடத்தில் ஒளிவு நடக்கிறது என்பதுதான் அவர்கள் மனத்தை உறுத்தியிருக்கிறது.

நீர்மூழ்கிக்கு முன்னோடி ஜார்ஜ் செல்டன் என்ற அமெரிக்க வக்கீல். மோட்டார் வண்டிக்கு 1879-ல் மனுப் போட்டார். போட்டுவிட்டு, அதிலே திருத்தம், இதிலே திருத்தம் என்று இழுத்துக்கொண்டே போய், உண்மையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கிய 1895-ல்தான் உரிமையைப் பெற்றார். மற்றவர்கள் கப்பம் கட்டினார்கள். ஹென்றி போர்டு மட்டும் கட்ட முடியாது என்று கோர்ட்டுக்குப் போய், 1911-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். பின்னாளில் ஜெரோம் லெமல்சன் என்பவர் 1950-களில் போட்ட மனுக்களின் வாலைப் பிடித்துக்கொண்டு, பட்டைக் குறி படிக்கும் கருவிகளுக்கெல்லாம் உரிமை கேட்டார். அவர் 1997-ல் காலமான பிறகு, நியாயமற்ற தாமதம் என்று காட்டி 2004-ல் ஒரு கோர்ட் அந்த உரிமைகளைச் செல்லாமலாக்கியது. கெடுவை உரிமை வழங்கிய நாளிலிருந்து எண்ணாமல் மனுப் போட்ட நாளிலிருந்து இருபது வருஷம் என்று 1995-ல் அமெரிக்கா மாற்றிக்கொண்டதால், நீர்மூழ்கிகளுக்கு இப்போது தண்ணீர் வற்றிவிட்டது. ஆனால் லெமல்சனைத் தனி மனிதக் கண்டுபிடிப்பாளர்களின் காவலர் என்று போற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பூதத்தின் கதை இதைவிட ருசியானது. அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் இன்டெல் கம்பெனியின் வக்கீலாயிருந்த பீட்டர் டெட்கின். எதிர்க்கட்சியை மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் என்று சொல்லப் போய் மானநஷ்ட வழக்கு வந்ததாம். வழக்குப் போட முடியாத சொல்லாக ஒன்று வேண்டுமே என்று தேடியதில் பூதம் அகப்பட்டது. இத்தனையும் நடந்தது 2001-க்குச் சற்று முன்னும் பின்னும். பிறகு அதே டெட்கின் இன்டெலிலிருந்து விலகி, உரிமைப் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்க்கிற ஒரு ஸ்தாபனத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரானார். ஊர் சும்மா இருக்குமா? அவர் செய்துவைத்த சொல்லை எடுத்து அந்த ஸ்தாபனத்துக்கே சூட்டிற்று.

இதைக் கேட்டு நான் கைகொட்டிச் சிரித்தேன். மருமகன் சிரிக்கவில்லை. "மாமா, ராபர்ட் கேர்ன்ஸ் கதை தெரியுமா?" என்றான்.

கேர்ன்ஸ் டெட்ராயிட்டைச் சேர்ந்த எஞ்சினீயர். 1953-ல் கல்யாண இரவன்று ஷாம்பெயின் புட்டியின் தக்கை தெறித்து இடது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. மழையில் கார் ஓட்டும்போது, ஓயாமல் ஆடுகிற துடைப்பான் அவர் மிச்சக் கண்ணைத் தொந்தரவு செய்தது. இமை கொட்டுகிற மாதிரி, துடைத்து, நின்று, மறுபடி துடைக்கக் கூடாதா என்று யோசித்தார், செய்தும் காட்டினார். 1967-ல் உரிமை கிடைத்தது. போர்டு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், விசாரித்தார்கள், போய்விட்டார்கள். 1969-ல் அவர்கள் கார்களில் விட்டு விட்டுத் துடைக்கும் துடைப்பான் வந்தது. கேர்ன்ஸ் 1978-ல் வழக்குத் தொடுத்து, 1990-ல் 1 கோடியே 2 லட்சம் டாலரில் அது முடிந்தது. அடுத்துக் கிரைஸ்லர் கம்பெனியின்மேல் தாமே வாதாடி ஜெயித்தார். அதற்குள் அவர் மனநிலை ஒரு முறை முறிந்து தேறியிருந்தது, மனைவி விலகிவிட்டாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தது பணமல்ல. துடைப்பானைத் தாமே தொழிற்சாலை வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அது கடைசிவரை நடக்கவேயில்லை. 2005-ல் இறந்து போனார்.

"அவர் ஒரு துடைப்பானும் செய்து விற்கவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு செய்தவர்களிடம் பணம் கேட்டார். உங்கள் இலக்கணப்படி அவர் யார்?" என்று கேட்டான் பையன்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பூதத்தையும் கேர்ன்ஸையும் வெளித்தோற்றத்தில் பிரித்துக் காட்ட முடியாது. இருவர் கையிலும் இருப்பது காகிதம். இருவர் வாயிலும் வருவது வழக்கு. வித்தியாசமெல்லாம் அந்தக் காகிதம் கைக்கு வந்த விதத்தில் இருக்கிறது. பட்டப்பெயர் அதைப் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் பாலத்தின்மேல் நடக்கிறவர்கள் வைக்கிற பெயர். ஆட்டுக்குட்டி என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்கள் சில சமயம் யானை அளவு இருக்கிறார்கள்!

யாருக்கு எண்ணம் சொந்தம் என்பதில் மனிதர்கள் செய்திருக்கும் அக்கிரமத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1857-ல் மிசிசிப்பியில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்ற தோட்ட முதலாளியின் அடிமை, நெட் என்பவன், பருத்தி வயலுக்கு ஒரு கருவி கண்டுபிடித்தான். முதலாளி அதற்குத் தம் பெயரில் உரிமை கேட்டார். என் மாடு போட்ட கன்று எனக்குத்தானே என்பது போன்ற வாதம். 1858-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் தீர்ப்புச் சொன்னார்: அடிமை பிரஜையல்ல, ஆகவே அவனுக்கு உரிமை இல்லை, முதலாளி கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அவருக்கும் இல்லை. சட்டத்தின் தர்க்கம் பழுதில்லாமல் இருக்கிறது. படித்தால் ரத்தம் கொதிக்கிறது. ஸ்டூவர்ட் சும்மா இருக்கவில்லை. கருவியைச் செய்து விற்றார். அடிமைத்தனம் நீக்ரோவின் அறிவை மழுக்குகிறது என்பது பொய், பாருங்கள், இது ஓர் அடிமையின் கண்டுபிடிப்பு என்று அதையே விளம்பரமாக்கினார்! நெட் என்ற ஈரெழுத்துப் பெயருக்கு மேல் அந்த மனிதனுக்கு ஒரு முழுப் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

இதற்கு நேர் எதிராக, கலப்படமில்லாத அசலை 'உண்மையான மெக்காய்' என்று ஆங்கிலத்தில் சொல்கிற வழக்கம் உண்டு. தப்பியோடிய அடிமைகளின் பிள்ளையாகக் கானடாவில் பிறந்து, ஓடும் யந்திரத்துக்குத் தானே எண்ணெய் விடும் கருவியை 1872-ல் கண்டுபிடித்த எலைஜா மெக்காயைக் குறித்து அது வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அகராதிக்காரர்கள் அதை ஒப்புவதில்லை. அவர்களிடம் வேறு மெக்காய்கள் இருக்கிறார்கள். அகராதிக்காரர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனாலும் ஜனங்கள் அந்தக் கதையை விட மாட்டேன் என்கிறார்கள். நெட்டுக்குக் கொடுக்க வேண்டிய கடனை மெக்காய்க்காவது கொடுத்துத் தீர்ப்போம் என்ற எண்ணமோ என்னவோ.

மஞ்சள் விஷயம் நம்மவர்க்குத் தெரிந்ததுதான். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் உரிமை கொடுத்துவிட்டார்கள். நம்முடைய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி, 1997-ல் அதை ரத்துச் செய்யவைத்தது. 'உயிர்க் கொள்ளை' என்ற சொல் அப்போதுதான் நம் பத்திரிகைகளில் அடிபட்டது. எனக்கு அதில் மறக்க முடியாமல் நிற்பது வேறொன்று. அந்நாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தால் மட்டும் அன்று போதாது. அச்சில் இருக்க வேண்டும். ஆகவே சம்ஸ்கிருதம், உருது, ஹிந்தி என்று முப்பதுக்கு மேல் பத்திரங்கள் தேடிக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான பாட்டிகள் அம்மியில் அரைத்ததற்குச் சாட்சி மதிப்பு இல்லை! அதன் பிறகு 2001-லிருந்து ஆயுர்வேத, சித்த, யுனானி ஏடுகளைப் பெயர்த்து அயல்நாட்டு அலுவலர்கள் பார்க்கும்படி ஒரு நூலகம் சேர்த்திருக்கிறார்கள். என் வைத்தியர் காய்ச்சிய எண்ணெய் மட்டும் அதில் இருக்காது.

'என்றும் பசுமை' வழக்கு நம் சென்னையிலேயே நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மருந்தின் புதிய படிக வடிவத்துக்கு உரிமை கேட்ட நோவார்ட்டிஸ் கம்பெனியின் மனுவை 2006-ல் இங்குள்ள அலுவலகம் தள்ளிற்று. தெரிந்த பொருளைப் புது வடிவில் செய்தால் மட்டும் போதாது, குணமும் கூட வேண்டும் என்கிறது நம் சட்டம். சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி அதையே உறுதி செய்தது. அந்த மருந்து அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். உள்நாட்டில் செய்தது 10,000-க்குள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்து வந்தோம் என்று கம்பெனி சொல்லிற்று. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் மனம் இருக்கிறவரையில்தானே? இன்சுலின் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் தங்கள் உரிமையை டொராண்டோ சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஜகதீச சந்திர போஸ் காப்புரிமை வேண்டாம் என்றே இருந்தவர். சிநேகிதர்கள் வற்புறுத்தலுக்காக 1904-ல் அமெரிக்காவில் ஒன்றைப் பெற்று, அதையும் பயன்படுத்தாமல் கெடு தீர விட்டுவிட்டார். பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று கேர்ன்ஸைப் பார்த்து நீயும் அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. வயிறு நிறைந்தவன் துறப்பதும், பறிகொடுத்தவன் துறப்பதும் ஒன்றாகாது.

இவ்வளவையும் ஊருக்காகக் கேட்டுக்கொண்டிருந்த நான், சாப்பாட்டுக்குப் பிறகு வகையாக மாட்டிக்கொண்டேன். சென்ற தீபாவளி மலர் ஒன்றில் ஓர் இளைஞர் எழுதிய சிறுகதை. கடனுக்காக ஒரு வீட்டை ஜப்தி செய்யப் போகிற அமீனா, அது தனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த வாத்தியாருடைய வீடு என்று வாசற்படியில் தெரிந்துகொள்கிறான். இந்தக் கதை பன்னிரண்டு வருஷங்களாக என் நோட்டுப் புத்தகத்தில் நாலு வரியாக இருக்கிறது. எழுதப் போகிறேன், எழுதப் போகிறேன் என்று சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். மலரைப் படித்த அன்று, "திருடிவிட்டான்!" என்று வீடு அதிரக் கத்தியதை என் மனைவி ஞாபகமாக மருமகனிடம் எடுத்துச் சொன்னாள்.

"அவர் உங்களைப் பார்த்திருக்கிறாரா மாமா?"

"இல்லை."

"உங்கள் நோட்டை?"

"அதெப்படிப் பார்ப்பான்?"

"கதைக் கருவுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, எழுதிய எழுத்துக்குத்தான் உரிமை என்று 1978-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வேறொருவர் நடந்து வரும் சப்தம் கேட்டதும்..."

மரியாதை தெரிந்த பிள்ளை. அதற்கு மேல் சொல்லாமல் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

அவன் போன பிறகு அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். என் நாலு வரியில் அமீனா அழுகிறான். இந்த இளைஞர் எழுதியதில் அவன் அழவில்லை; வாத்தியார்தான், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் 'ழ' சரியாக வரவில்லையே உனக்கு" என்கிறார். இன்னும் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தாலும் எனக்கு அது வந்திருக்காது.

மறுநாள் பத்திரிகை மூலமாக அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். 'ழ'வைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்து, எழுதாமலே தபாலில் சேர்த்துவிட்டேன்.